ஐரோப்பிய ஒன்றியம் விரிவடைய விரிவடைய, அண்டை நாடுகளை அது அணுகும் முறை எப்படி மாறியது?

1957-ல் ரோம் ஒப்பந்தத்தின் மூலம் ஆறு நாடுகளின் கூட்டாகத் தொடங்கி இன்று 27 நாடுகளாக நிற்கும் ஐரோப்பிய ஒன்றியம், வளர வளரத் தன் அண்டை நாடுகளிடம் தாராளமாக நடந்துகொண்டதா, இறுக்கிப் பிடித்ததா என்பது கேள்வி. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன என்பதே என் பதில். இது மழுப்பல் அல்ல. ஒரு நாடு புதிதாக உள்ளே வரும்போது தன் அக்கம்பக்கத்தையும், அதனோடு தனக்குள்ள பழைய உறவு, பகை, வணிகம் ஆகியவற்றையும் கூடவே கொண்டுவருகிறது. அதுவரை ஒன்றியத்தின் தலைமையகமான பிரசெல்சில் யாரும் பெரிதாகக் கவலைப்படாத ஒரு நிலப்பகுதி அன்றிலிருந்து ஒன்றியத்தின் கவலையாகிவிடுகிறது. ஆனால் ஒன்றியத்தின் சுங்கவரியும் விசாவும் எல்லைக் காவலும் அந்தப் புதிய எல்லைக்கு இடம்பெயர்வதால், நேற்றுவரை இயல்பாக வந்துபோய்க்கொண்டிருந்த பக்கத்து ஊர்க்காரர் வெளியாளாகிவிடுகிறார். அக்கறை கூடுவதும் கதவு இறுகுவதும் ஒரே விரிவாக்கத்தின் இரண்டு விளைவுகள்.

தொடக்கக் காலத்தில் அண்டை நாட்டுக் கொள்கை என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. கிழக்கே சோவியத் அணியைப் பிரித்துவைத்த இரும்புத்திரை. தெற்கே அல்ஜீரியா, ரோம் ஒப்பந்தம் கையெழுத்தானபோது பிரான்சின் பகுதியாகவே அந்த ஒப்பந்தத்தில் இடம்பெற்றிருந்தது; 1962-ல்தான் அது விடுதலை பெற்றது. அந்தச் சின்னஞ்சிறு ஆறு நாட்டுக் கூட்டுதான் 1963-ல் அங்காராவில் துருக்கியோடு ஒப்பந்தம் செய்து, ஒருநாள் முழு உறுப்பினராகலாம் என்ற வாய்ப்பையும் அதில் எழுதிக்கொடுத்தது. கூட்டு சிறியதாக இருந்தபோது வாக்குறுதி தருவது எளிதாக இருந்தது, ஏனெனில் அதை நிறைவேற்ற வேண்டிய நாள் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. துருக்கி 1987-ல் முறையாக விண்ணப்பித்தபோது உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர். அவர்களில் துருக்கியோடு பழைய பகை கொண்ட கிரீஸும் ஒன்று.

1986-ல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் பின்னால் கிழக்கில் நடந்ததன் முன்னோட்டம் அங்கே இருக்கிறது. மொராக்கோவின் ஆரஞ்சும் தக்காளியும் ஐரோப்பியச் சந்தையில் போட்டியிட்டது ஸ்பெயின் விளைச்சலோடுதான். ஸ்பெயின் உள்ளே போனதும் அதன் விவசாயிக்கு வரியில்லாச் சந்தையும் மானியமும் கிடைத்தன. ஜிப்ரால்டர் நீரிணைக்கு மறுகரையில் இருந்த மொராக்கோ விவசாயிக்கோ வரியும் இறக்குமதி வரம்பும் எஞ்சின. அடுத்த ஆண்டே மொராக்கோ மன்னர் இரண்டாம் ஹசன் உறுப்பினர் உரிமை கோரி விண்ணப்பித்தார். ஐரோப்பிய நாடு அல்ல என்ற காரணத்தால் அந்த விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. 1991-ல், உறுப்பு நாடுகளுக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கி வெளி எல்லையைப் பொதுவாக்கும் ஷெங்கன் ஏற்பாட்டில் சேர்ந்ததையொட்டி, ஸ்பெயின் மொராக்கோ மக்களுக்கு விசா கட்டாயமாக்கியது. வேலைக்காகப் படகுத்துறையில் சீட்டு வாங்கிக் கடந்துபோனவர்கள், அதன் பிறகு இரவில் சிறு மீன்பிடிப் படகுகளில் கடக்கத் தொடங்கினார்கள். அந்த நீரிணையில் மனிதர்கள் மூழ்கிச் சாவது வழக்கமான செய்தியாகிப்போனது. மறுபக்கம், ஒன்றியத்தைத் தெற்கு நோக்கித் திரும்பிப் பார்க்கவைத்ததும் இதே ஸ்பெயின்தான். 1995 நவம்பரில், ஒன்றியத்தின் சுழற்சித் தலைமை ஸ்பெயினிடம் இருந்த காலத்தில், பார்சலோனாவில் 15 உறுப்பு நாடுகளும் 12 மத்தியதரைக் கடல் நாடுகளும் கூடி 2010-க்குள் தடையற்ற வணிகப் பகுதியை உருவாக்குவது என்று உறுதிபூண்டன. அந்தத் தடையற்ற வணிகத்தில் தொழிற்சாலைப் பொருள்களுக்கு இருந்த இடம் தக்காளிக்கு இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2010-ம் வந்து போனது. அந்தப் பகுதி உருவாகவில்லை.

அதே 1995-ல் பின்லாந்து உள்ளே வந்தது. 1,300 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ரஷ்ய எல்லை ஒரே நாளில் ஒன்றியத்தின் எல்லையாயிற்று. இரண்டே ஆண்டுகளில் பின்லாந்துப் பிரதமர் பாவோ லிப்போனென், வடக்குப் பரிமாணம் என்ற பெயரில் ரஷ்யாவின் வடமேற்குப் பகுதியையும் பால்டிக் கடலையும் பற்றி ஒரு கொள்கை வேண்டும் என்று முன்மொழிந்தார். மத்தியதரைக் கடலைப் பற்றி ஸ்பெயின் பேசியதுபோல் பால்டிக் கழிவுநீரைப் பற்றிப் பின்லாந்து பேசியது. யார் கடைசியாக உள்ளே வந்தாரோ அவரே கொள்கைக்குப் பேனா எடுத்துக்கொடுப்பார் என்பது அதற்குள் ஒரு வழக்கமாகிவிட்டது.

2004 மே 1-ல் பத்து நாடுகள் ஒரே நாளில் சேர்ந்தன. அவற்றில் போலந்து பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். வேலை நிமித்தமாக அந்நாட்டின் தென்கிழக்கில் சில ஆண்டுகள் வசித்தவன் என்பதால், உக்ரைன் எல்லையில் உள்ள மெடிகா என்ற ஊரின் நடைபாதைக் கடவையை நேரில் பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைத்தது. எதிர்ப்புறம் ஷெஹினி; அங்கிருந்து லிவிவ் நகரம் எழுபது, எண்பது கிலோமீட்டர்தான். கம்பிவேலிக்கு நடுவே நீளமான நடைபாதை. அதன் முடிவில் வரிசை இரண்டாகப் பிரியும்: ஒன்றிய நாட்டவருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. முதல் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும்; இரண்டாவது வரிசையில் நடுத்தர வயதுப் பெண்கள் கட்டம்போட்ட பெரிய பைகளோடு மணிக்கணக்கில் நின்றிருப்பார்கள். தரைவழியாக வருபவர் 40 சிகரெட்டும் ஒரு லிட்டர் மதுவும் வரியில்லாமல் கொண்டுவரலாம் என்பதால், இரண்டு பாக்கெட் சிகரெட்டையும் ஒரு வோட்கா பாட்டிலையும் இந்தப் பக்கம் விற்றுவிட்டுத் திரும்பி நடப்பதே பலருக்குப் பிழைப்பு. உள்ளூர்க்காரர்கள் அவர்களை எறும்புகள் என்பார்கள். இகழ்ச்சியாக அல்ல, சொல்பவரும் பல நேரங்களில் அதே வேலை செய்பவராகவே இருப்பார்.

இந்த வரிசை இரண்டாகப் பிரிந்த கதைக்குத் தேதிகள் உண்டு. 2003 அக்டோபர் 1 வரை உக்ரைன் மக்கள் போலந்துக்கு விசா இல்லாமல் வந்துபோனார்கள். ஒன்றியத்தில் சேர வேண்டுமானால் விசா கொண்டுவந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையால் போலந்து அன்று அதைக் கட்டாயமாக்கியது. ஆனால் மனமில்லாமல், கட்டணம் வாங்காமல் செய்தது. பதிலுக்கு உக்ரைன் போலந்து மக்களிடம் விசா கேட்கவில்லை. இரு தரப்பும் வலியைக் குறைத்துக்கொள்ள முயன்ற நாகரிகமான ஏற்பாடு அது. 2007 டிசம்பர் 21-ல் போலந்து ஷெங்கன் பகுதிக்குள் சென்றதும் அதற்கும் இடமில்லாமல் போய், 35 யூரோ கட்டணம் வந்தது. மறுநாளே பாதிக்கப்பட்ட எல்லையோர மக்களுக்காக, இருபுறமும் 30 கிலோமீட்டர் பட்டையில் வசிப்பவர்கள் விசாவுக்குப் பதில் ஓர் அனுமதி அட்டையோடு வந்துபோகலாம் என்ற ஏற்பாடு 2009 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. முழு உக்ரைனுக்கும் குறுகியகாலப் பயண விசா நீங்கியது 2017 ஜூன் 11-ல். ஆக, போலந்து உள்ளே போனதால் எழுந்த சுவரில் மீண்டும் வாசல் வைக்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. அந்த வாசலுக்காக மற்ற எந்த உறுப்பு நாட்டையும்விட அதிகமாகப் பேசியதும் போலந்துதான்.

வடக்கே கலினின்கிராடிலும் இதே விளையாட்டு நடந்தது. போலந்துக்கும் லித்துவேனியாவுக்கும் இடையில் ரஷ்யாவின் ஒரு துண்டு நிலம் மாட்டிக்கொண்டது. ரஷ்யாவின் ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்குப் போகிற ரஷ்யக் குடிமகனுக்கு லித்துவேனியா வழியாகச் செல்ல 2003 ஜூலை முதல் தனிப் பயண ஆவணம் தேவைப்பட்டது. 2012-ல் கலினின்கிராட் மாநிலம் முழுவதற்கும் எல்லையோர அனுமதி அட்டையைப் போலந்து விரிவாக்கியது. அங்கிருந்து மக்கள் கடான்ஸ்க் நகருக்கு வார இறுதியில் சாமான் வாங்க வந்தார்கள். 2016 ஜூலையில் போலந்து அதை நிறுத்தியது; மீண்டும் தொடங்கவே இல்லை.

இத்தனை பெரிய விரிவாக்கத்துக்கு முன்பே பிரசெல்சுக்கு ஒரு கேள்வி எழுந்துவிட்டது: பத்து பேரை எடுத்துக்கொள்கிறோம், அடுத்து வரிசையில் நிற்பவர்களுக்கு என்ன சொல்வது? ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் அன்றைய தலைவர் ரொமானோ பிரோடி 2002 டிசம்பரில் சொன்ன பதிலின் சாரம், ஒன்றியத்தின் நிறுவனங்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அண்டை நாடுகளோடு பகிர்ந்துகொள்ளலாம் என்பது. 2004-ல் அது ஐரோப்பிய அண்டை நாட்டுக் கொள்கை என்று முறையான வடிவம் பெற்றது. மொராக்கோ முதல் சிரியா வரையிலான தென்கரை நாடுகளும், உக்ரைன், பெலாரஸ், மால்டோவாவும் ஒரே பட்டியலில் வைக்கப்பட்டன. முதல் வரைவில் இல்லாத ஜார்ஜியா, ஆர்மீனியா, அஜர்பைஜான் ஆகிய மூன்றும் ஜார்ஜியாவில் ஆட்சியை மாற்றிய ரோஜாப் புரட்சி என்ற மக்கள் எழுச்சிக்குப் பின் சேர்க்கப்பட்டு, பட்டியல் 16 ஆனது. ரஷ்யா மட்டும், மொராக்கோவோடும் மால்டோவாவோடும் ஒரே வரிசையில் நிற்க மாட்டேன் என்று விலகி, தனி ஏற்பாடு கேட்டு வாங்கிக்கொண்டது.

என் பார்வையில் இந்தக் கொள்கை, ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் இருப்பதற்காக உருவாக்கப்பட்ட ஒரு கருவி. அதற்கு முந்தைய பத்தாண்டில் ஒன்றியத்திடம் இருந்த மிகப் பெரிய செல்வாக்கு, உறுப்பினராக்குவேன் என்ற வாக்குறுதிதான். 1993-ல் கோபன்ஹேகனில் வகுத்த சேர்க்கை நிபந்தனைகளுக்காக ஹங்கேரியும் செக் குடியரசும் எஸ்டோனியாவும் சட்டப் புத்தகங்களையே திருத்தி எழுதின. அந்த வாக்குறுதி இல்லாமல் அதே சீர்திருத்தங்களை உக்ரைனிடமும் துனிசியாவிடமும் எதிர்பார்த்தது, கூலி பேசாமல் வேலை வாங்குவதற்கு நிகர். பணம் கொஞ்சம் வந்தது: 2014 முதல் 2020 வரை ஏறத்தாழ 1,540 கோடி யூரோ. அதிலும் மூன்றில் இரண்டு பங்கு தெற்குக்கு, ஒரு பங்கு கிழக்குக்கு என்ற எழுதப்படாத பங்கீடு. தென் ஐரோப்பிய உறுப்பினர்களுக்கும் கிழக்கு உறுப்பினர்களுக்கும் இடையிலான சமரசம் அது. பெறும் நாடுகளின் தேவையைக் கணக்கிட்டு வந்த விகிதம் அல்ல. உள்ளே இருப்பவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட பேரமே வெளியே கொள்கையாக வந்தது.

இந்தப் பேரம் 2008-ல் வெளிப்படையாகவே தெரிந்தது. பிரான்சின் நிக்கோலா சர்கோசி, கடற்கரை நாடுகள் மட்டும் அடங்கிய மத்தியதரைக் கடல் ஒன்றியம் ஒன்றைக் கேட்டார். ஒன்றியத்தின் பணத்தில் ஒரு சிலர் மட்டும் தனிக்கடை போடுவதை ஜெர்மனியின் அங்கேலா மெர்கல் ஏற்கவில்லை. கடைசியில் எல்லா உறுப்பினர்களும் அடங்கிய அமைப்பாக அது பாரிசில் தொடங்கியது. தெற்குக்கு ஒன்று என்றால் கிழக்குக்கும் ஒன்று வேண்டும் என்று அதே ஆண்டு போலந்தும் சுவீடனும் முன்மொழிந்தன. ஆகஸ்டில் ரஷ்யாவும் ஜார்ஜியாவும் போரிட்டதால் தயக்கம் கலைந்து, 2009 மே மாதம் பிராகில் கிழக்குக் கூட்டாண்மை பிறந்தது.

அதுவரை அண்டை நாட்டுக் கொள்கையை ஒன்றியம் ஒரு நிர்வாக வேலையாகவே நடத்தியது. பால் பொருள்களின் தரம், போட்டிச் சட்டம், சுங்கப் படிவம் என்று ஆயிரக்கணக்கான பக்கங்கள். மாஸ்கோ அதை அப்படிப் படிக்கவில்லை. 2013 நவம்பரில் வில்னியஸ் உச்சி மாநாட்டில் உக்ரைன் கையெழுத்திட வேண்டிய கூட்டுறவு ஒப்பந்தத்துக்கு முன்னதாக, அந்த ஆண்டு கோடையிலேயே ரஷ்யச் சுங்கச்சாவடிகளில் உக்ரைன் சரக்குகள் நின்றன; உக்ரைன் சாக்லெட்டுக்கும் மால்டோவா ஒயினுக்கும் தடை வந்தது. செப்டம்பரில் ஆர்மீனியா ரஷ்யாவின் சுங்கக் கூட்டமைப்பின் பக்கம் திரும்பியது. நவம்பர் 21-ல் உக்ரைன் அரசு தயாரிப்பை நிறுத்தியது, தலைநகர் கீவின் மைதானம் போராட்டக்காரர்களால் நிறைந்தது, 2014 மார்ச்சில் கிரைமியா ரஷ்யாவிடம் போனது. உறுப்பினர் உரிமையைக்கூடத் தராத ஓர் ஒப்பந்தத்துக்காக உக்ரைன் இத்தனை விலை கொடுத்தது. பிறகும், 2016-ல் நெதர்லாந்தில் நடந்த பொதுவாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் அந்த ஒப்பந்தத்தை எதிர்த்ததால், இது உக்ரைனுக்கு வேட்பாளர் தகுதி தருவதாகாது என்று உறுப்பு நாட்டுத் தலைவர்கள் தனியாக ஒரு முடிவு எழுதிச் சேர்த்த பின்னரே ஒப்பந்தம் 2017 செப்டம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கிரைமியாவை இழந்த ஒரு நாட்டுக்கு அந்த வாசகம் எப்படிப் பட்டிருக்கும் என்பதை உக்ரைன் நண்பர்களிடம் நான் கேட்டதில்லை, கேட்கத் துணியவில்லை.

விரிவாக்கத்தின் இன்னொரு விளைவு, பழைய எல்லைத் தகராறுகள், ஒரே உறுப்பு நாடு தடுத்துவிடக்கூடிய வீட்டோவாக மாறியது. தீவு பிளவுபட்ட நிலையிலேயே சைப்ரஸ் 2004-ல் சேர்க்கப்பட்டது. அதற்கு ஒரு வாரம் முன்பு நடந்த பொதுவாக்கெடுப்பில் தீவை மீண்டும் ஒன்றாக்கும் திட்டத்தைத் துருக்கிய சைப்ரஸ் மக்கள் ஏற்க, கிரேக்க சைப்ரஸ் மக்கள் நிராகரித்திருந்தனர். அன்றுமுதல் துருக்கியின் பேச்சுவார்த்தை மேசையில் சைப்ரஸும் உட்கார்ந்திருக்கிறது. 2005-ல் தொடங்கிய அந்தப் பேச்சில், தலைப்புவாரியாகப் பிரித்த அத்தியாயங்களில் இதுவரை தற்காலிகமாக முடிக்கப்பட்டது ஒன்றே ஒன்று. குரோஷியாவை ஸ்லோவேனியா ஒரு சிறு விரிகுடாவுக்காக 2008-ல் நிறுத்தியது. தன் மாகாணம் ஒன்றின் பெயரையே கொண்டிருந்த மாசிடோனியாவை அந்தப் பெயருக்காகக் கிரீஸ் நிறுத்தியது; அது 2019-ல் வட மாசிடோனியா என்று பெயரையே மாற்றிக்கொண்ட பிறகு, அதே ஆண்டு பிரான்ஸ் நிறுத்தியது; 2020-ல் மொழியையும் வரலாற்றையும் சொல்லிப் பல்கேரியா நிறுத்தியது. ஒரு நாட்டின் நடத்தைக்கும் அதன் முன்னேற்றத்துக்கும் தொடர்பில்லை என்பதை அந்த வட்டாரத்துக்கு இதைவிடத் தெளிவாக யாரும் கற்பித்திருக்க முடியாது.

2015-ல் அகதிகள் பெருமளவில் வந்த பிறகு தொனி முற்றிலும் மாறியது. 2016 மார்ச்சில் துருக்கியோடு செய்துகொண்ட உடன்பாட்டில் 600 கோடி யூரோ வரை பேசப்பட்டது. 2023 ஜூலையில் துனிசியாவோடும் ஓர் உடன்பாடு. சட்டத்தின் ஆட்சி, தேர்தல், பத்திரிகைச் சுதந்திரம் என்று 2004-ல் பட்டியலிட்டவை பின்னுக்குப் போய், படகைத் தடுப்பாயா என்பது முன்னுக்கு வந்தது. எனக்கு இதில் வியப்பில்லை. ஆனால் துனிசியாவைப் பொறுத்தவரை இது கசப்பான மாற்றம், ஏனெனில் 2011 அரபு எழுச்சியில் மக்களாட்சிக்கு வந்து சில ஆண்டுகளாவது அதை நடத்திக்காட்டிய நாடு அது.

பிறகு 2022 பிப்ரவரி. ரஷ்யா படையெடுத்து நான்கே நாளில் உக்ரைன் உறுப்பினராக விண்ணப்பித்தது. மார்ச் தொடக்கத்தில் மால்டோவாவும் ஜார்ஜியாவும் பின்தொடர்ந்தன. ஜூன் 23-ல் உக்ரைனுக்கும் மால்டோவாவுக்கும் வேட்பாளர் தகுதி கிடைத்தது. இருபது ஆண்டுகளாகச் சொல்லாமல் தவிர்த்த ‘ஆம்’ என்ற சொல்லை நான்கு மாதத்தில் சொல்லவேண்டி வந்தது. மெடிகாவில் அந்த நடைபாதை வழியாகப் பெண்களும் குழந்தைகளும் நாளெல்லாம் வந்ததையும், போலந்து மக்கள் அவர்களை வரவேற்றதையும் உலகமே பார்த்தது. ஆனால் 2023 ஏப்ரலில், வரி நீங்கிய உக்ரைன் தானியம் உள்ளூர் விலையை வீழ்த்துகிறது என்று போலந்தும் ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் தாமாகவே இறக்குமதித் தடை விதித்தன. அந்த நவம்பரில் போலந்து லாரி உரிமையாளர்கள் எல்லைக் கடவைகளை மறித்தார்கள், மெடிகாவும் தப்பவில்லை. உக்ரைனுக்காக மற்ற எல்லாரையும்விட உரக்கப் பேசிய நாட்டின் விவசாயியே, உக்ரைன் உண்மையில் உள்ளே வந்தால் முதலில் இழப்பவன். ஸ்பெயினும் மொராக்கோவும் இப்படி ஒரே சந்தைக்குள் உட்கார நேர்ந்திருக்கவே இல்லை. போலந்துக்கும் உக்ரைனுக்கும் அது நேரலாம்.

எனவே இனிமேல் என்ன என்று கேட்டால், நான் பெரிய உரைகளைக் கவனிப்பதைவிட நடைமுறை விதிகளைக் கவனிக்கச் சொல்வேன். சேர்க்கைப் பேச்சு முப்பதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களாகப் பிரிக்கப்பட்டு, 2020 முதல் ஆறு தொகுப்புகளாகக் கட்டப்பட்டிருக்கிறது. தொகுப்பைத் திறக்கவும் அத்தியாயத்தை முடிக்கவும் 27 நாடுகளும் ஒவ்வொரு முறையும் ஒத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் முடிந்தாலும், பிரான்சில் பொதுவாக்கெடுப்பு அல்லது இரு அவைகளிலும் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு தேவை; 2004 விரிவாக்கத்துக்குப் பிறகு அரசியல் சாசனத்தில் சேர்த்துக்கொண்ட நிபந்தனை இது. உக்ரைனோடும் மால்டோவாவோடும் 2024 ஜூன் 25-ல் பேச்சு முறையாகத் தொடங்கியது. 2025 முழுவதும் உக்ரைனுக்கு முதல் தொகுப்பைத் திறக்க ஹங்கேரி சம்மதிக்கவில்லை. ஹங்கேரியோடு எந்தத் தகராறும் இல்லாத மால்டோவாவும், இரு நாட்டுக் கோப்புகளும் சேர்ந்தே நகர்த்தப்பட்டு வந்ததால், அந்த ஆண்டு முழுவதும் உக்ரைனோடு சேர்ந்து காத்திருந்தது.